ஸ்டிக்கருக்கு அடியில்

ஷோரூமில் பார்வைக்கு வைத்திருந்த லேப்டாப்பின் திரையை ஒருவர் ஆள்காட்டி விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். தொட்டால் நகரும் திரை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அது அப்படிப்பட்ட திரை இல்லை. மனிதர் விடுவதாகவும் இல்லை. விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கிக்கொண்டு, பழைய பத்திரிகையைப் புரட்டுகிற மாதிரி மறுபடியும் ஒரு இழுப்பு இழுத்தார். திரையில் எச்சில் கோடாக மின்னியது. மனைவியோடும் மகளோடும் பக்கத்தில் நின்றிருந்த ரிப்பேர்க்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவர் தொழில் லேப்டாப் ரிப்பேர். இந்த மாதிரி விரல்கள் செய்துவைக்கிற காரியங்களைச் சுரண்டிச் சுரண்டித்தான் இத்தனை வருடமாகக் குடும்பம் ஓடுகிறது.

“பாத்தியா பாப்பா? புதுசு புதுசுன்னு குதிச்சியே, இதான் புதுசு.”

“அது டெமோ பீஸுப்பா. நமக்கு டப்பா பிரிக்காம தருவாங்க.”

பாப்பா என்று வீட்டில் கூப்பிடுகிறார்களே தவிர, பாப்பா வயதெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. டிசைன் படிக்கக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். முதல் நாளே லேப்டாப்போடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை அவள் வரைந்ததெல்லாம் வீட்டிலிருந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில். ஒரு படத்தைச் சேமிக்கச் சொல்லிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம், அவ்வளவு வேகம்.

கழுத்தில் அடையாள அட்டையும், உடம்பு முழுக்க வாசனை ஸ்பிரேயுமாக ஒரு விற்பனைப் பையன் வந்து ஒட்டிக்கொண்டான். “டிசைனிங்கா மேடம்? அப்ப இந்த ரோஸ் கலர் எடுத்துக்கோங்க. காலேஜ்ல தனியாத் தெரிவீங்க.”

“கலர் கிடக்கட்டும். உள்ள கிராபிக்ஸ் கார்டு இருக்கா?” என்றார் ரிப்பேர்க்காரர்.

“எல்லாம் உள்ளயே வருது சார்.”

“அதான் என்ன வருது?”

“எல்லாமே சார்,” என்று பல் தெரியச் சிரித்தான் அவன். கொள்ளிக்கட்டையைத் தங்கம் என்று விற்றாலும் இதே சிரிப்போடுதான் விற்பான் என்று ரிப்பேர்க்காரருக்குத் தோன்றியது. அந்த ரோஸ் லேப்டாப்பின் திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். சிவப்பு செங்கல் நிறமானது, செங்கல் சாம்பலானது. இதை வைத்துக்கொண்டு ஒரு பெண் நிறம் படிக்கப் போகிறதாம். த்தூ. அவர்கள் கைக்கு எட்டுகிற புதுசெல்லாம் இந்த லட்சணம்தான். உண்மையிலேயே வேலைக்கு ஆகிற மெஷின் மேல்தட்டில் தனி வெளிச்சத்தில் இருந்தது. அதன் விலையைப் பார்த்ததும் மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள், யாரோ பிடுங்க வந்தது போல.

பாப்பா ரோஸ் லேப்டாப்பையும் மேல்தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. மனைவி பார்க்காமலேயே ஒரு தட்டு தட்டிக் கீழே இறக்கினாள்.

“கிளம்புங்க,” என்றார் ரிப்பேர்க்காரர். “இது நாலு படத்தைத் தொறந்தா மூச்சு வாங்கும். உனக்குன்னு நான் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். மேல இருக்குதே, அதுக்குக் கொஞ்சமும் சளைச்சதில்ல.”

பாப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. “அது யாரோடதுப்பா?”

“கம்பெனில வச்சிருந்தது. பொட்டி பிரிச்சதோட சரி, யாரும் தொடலை.”

“ப்பா, ப்ளீஸ். கலர் மோசமா இருந்தாக்கூட பரவாயில்ல. வேற யாரும் யூஸ் பண்ணினது வேணாம்.”

“சொல்றேன்ல, யாரும் தொடலைன்னு.”

பொய். வாய் கூசாமல் வந்த பொய். எது நல்ல மெஷின் என்று ஊருக்கே சொல்கிற மனிதர் சொந்த மகளுக்கு நல்லதைத் தேர்ந்தெடுக்கப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு எரிச்சல்தான் வந்தது, வெட்கம் வரவில்லை. அவள் அதைத் தொட வேண்டும், தொட்டு நாலு கோடு வரைந்துவிட்டால் போதும், மெஷினே மீதியைப் பேசும் என்று நம்பினார்.

அவர் கடை ஒரு வணிக வளாகத்தில் லிப்டுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். குனிந்தே வேலை செய்து குனிந்தே பழகிவிட்டது. குனிந்த தலைக்கு நேரே தினமும் ஒரு லேப்டாப் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். உள்ளே இருப்பதைப் பார்த்தால் மனித ஜாதி மேலேயே வெறுப்பு வரும். முகத்துக்குப் பவுடர் போடுகிறவர்கள், சட்டையை இஸ்திரி போட்டு மாட்டுகிறவர்கள், கீபோர்டை ஒரு தடவை கவிழ்த்துத் தட்டிப் பார்க்க மாட்டார்கள். காற்றாடியில் முடியும் தூசியும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். விசைகளுக்கு அடியில் பிஸ்கட் தூள், சர்க்கரை, சர்க்கரையைத் தேடி வந்து செத்த எறும்பு, எறும்பைத் தேடி வந்ததோ என்னவோ ஒரு பல்லி வால். ஒரு தடவை ஒரு பால் பல் கிடைத்தது. இன்னொரு தடவை பொய் இமை, அதன் பசை காயாமல். இவற்றையெல்லாம் இடுக்கியால் எடுத்து ஒரு காபித்தூள் கண்ணாடி பாட்டிலில் போட்டு மேசை மேல் வைத்திருந்தார். வருகிறவர்களுக்கு அதுதான் முதல் தரிசனம். “உங்களோடதுல என்ன இருக்கோ!” என்பார். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம்.

அந்தச் சுகத்தை அவர் கடையோடு விட்டுவரவும் இல்லை. வீட்டில் தட்டு வைத்ததும் ஆரம்பித்துவிடுவார். இன்றைக்கு யார் மெஷினில் என்ன கிடைத்தது என்று நடித்துக்காட்டுவார். யாருக்கும் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். பிஸ்கட் டீச்சர், சளி சார், முடி மேடம். மனைவி “சாப்பிடற நேரத்துல இது தேவையா?” என்பாள். பாப்பா சின்னதாக இருந்தபோது புரை ஏறுகிற அளவுக்குச் சிரிப்பாள். வளர வளரச் சிரிப்பு குறைந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. சிரிப்பு குறைந்தால் நடிப்பைக் கூட்ட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம்.

அப்படிக் கூட்டி நடித்ததில் உச்சம், நகக்கடி கதை. கட்டடங்களுக்குப் பிளான் வரைகிற ஒருவருக்கு அவர் வைத்த பட்டப்பெயர் அது. நல்ல சம்பாத்தியம், நல்ல சட்டை. விசைகள் இறுகிப்போய்விட்டன என்று பெரிய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். மூடியில் சூடான டீ கிளாஸை வைத்து வைத்து, மேல்பூச்சு போய் ஒரு வெள்ளை வட்டம். கீபோர்டைக் கழற்றிக் காகிதத்தின் மேல் தட்டினால், கடித்துத் துப்பின நகத் துணுக்குகள் பொலபொலவென்று கொட்டின. சில இன்னும் மெத்தென்று இருந்தன. ரிப்பேர்க்காரர் அந்தக் காகிதத்தை அப்படியே தூக்கி, கடையில் நின்ற மற்ற ஆட்களுக்கும் காட்டினார். “சார் வீட்ல சாப்பாடு போட மாட்டாங்க போலிருக்கு!” கடையே சிரித்தது. அந்த மனிதர் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அதை அப்படியே நடித்தார். கண்ணைத் திரையில் வைத்து, சுண்டுவிரலை வாயோரம் கொடுத்து, கடித்து, துப்பி, அடுத்த விரலுக்குப் போய். மூடியில் இருந்த டீ வட்டத்தைக்கூட விடவில்லை. “பன்னி படுத்த இடம் மாதிரி” என்றார். மனைவியே சிரித்துவிட்டாள். பாப்பா சாப்பிடுவதை நிறுத்தி இரண்டு கையையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். குமட்டுகிறது போலும் என்று நினைத்து அவர் திருப்தியாகத் தண்ணீர் குடித்தார்.

சில மாதம் கழித்து அந்த நகக்கடி மறுபடி வந்தார். கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்த மாதிரி இருந்தது. “இதை யாருக்காவது வித்துடுங்க. வேற வாங்கிட்டேன். இதுல கை வைக்கவே பிடிக்கல,” என்றார். பாட்டில் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. ரிப்பேர்க்காரர் மெஷினைப் போட்டுப் பார்த்தார். உள்ளே எல்லாம் பெரிய இடத்துச் சரக்கு. திரையில் சிவப்பு சிவப்பாக இருந்தது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் சிவப்பாகவே இருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டார், இது பாப்பாவுக்கு.

அதை அவர் சுத்தம் செய்த அழகை யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு திருகையும் கழற்றினார். காற்றாடியைக் கழுவினார். கீபோர்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி மாட்டினார். மணிக்கட்டு படுகிற இடத்தில் வேர்வை பட்டுப் பட்டு வழவழப்பேறி இருந்ததைக் கண்டதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது; அந்தப் பாகத்தையும் மாற்றினார். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். மூடி மட்டும்தான் கிடைக்கவில்லை. வட்டத்தின் மேல் பெரிய சூரியகாந்தி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். காரியம் கச்சிதம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஷோரூமிலிருந்து திரும்பிய மறுநாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதை மகள் மேசையில் வைத்தார். அவள் முதலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மோந்துகூடப் பார்த்தாள். பிறகு திறந்து தன் படம் ஒன்றைப் போட்டாள். கிழட்டுக் கம்ப்யூட்டரில் சேறாகத் தெரிந்த நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. “அய்யோ, நான் போட்ட பச்சை இதுதானா?” என்றாள். ரிப்பேர்க்காரர் கதவில் சாய்ந்துகொண்டு மீசையைத் தடவினார். அதோடு விட்டிருந்தால் போதும். ஆனால் அவள் படிக்கப்போவது டிசைன் ஆயிற்றே. மூடியை மூடினாள், தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தாள்.

“யாருப்பா இந்த ஸ்டிக்கரை ஒட்டினது? நடுவுல இல்லாம ஒரு ஓரமாப் போய்க் கிடக்கு. கண்ணை உறுத்துது.”

“இருக்கட்டும்மா. அதுதான் பேஷன்.”

“பேஷன் இல்ல, கோணல். இருங்க, எடுத்துச் சரியா ஒட்டறேன்.”

அவர் “ஏய், வேணாம்” என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓரத்தைக் கிளப்பிவிட்டாள். சூரியகாந்தி உரிந்து வந்தது. அடியில் அந்த வெள்ளை வட்டம்.

பாப்பா கையை நெருப்பில் வைத்தவள் போல எடுத்துக்கொண்டாள். வட்டத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள், “பன்னி படுத்த இடம்.”

“கீபோர்டு புதுசும்மா. கை வைக்கற இடமும் புதுசு. சத்தியமா.”

“அது எனக்குத் தெரியுதுப்பா. என் மண்டைக்குத் தெரியலையே. அவரு கடிச்சதை நீங்க நடிச்சுக் காட்டினீங்களே, அதுதான் தெரியுது.”

ரிப்பேர்க்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. குட்டு வெளிப்பட்ட மனிதனுக்கு வருகிற கோபம். “ஓட்டல் டம்ளர்ல குடிக்கறோம். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்கறோம். யாரு வாய் வச்சது, யாரு படுத்ததுன்னு கேட்டுக்கிட்டா இருக்கோம்? பெரிய மகாராணி!”

“அந்த டம்ளருக்கு யாரும் பட்டப்பேர் வைக்கலையே.” அவள் குரல் உடைந்தது. “இவ்வளவு நாளா அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுட்டு, இப்ப அதைக் கொண்டுவந்து எனக்கே குடுக்கறீங்க. யாரும் தொடலைன்னு வேற சொல்றீங்க. அருவருப்பா இருக்குப்பா.”

எது அருவருப்பாக இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி பின்னாலேயே வந்தாள். “தினமும் தட்டுக்கு முன்னால உக்காந்து அருவருப்பைத்தானே ஊட்டி ஊட்டி வளத்தீங்க. இப்ப அவ முகம் சுளிச்சா மட்டும் கோவம் பொத்துக்கிட்டு வருதா?”

மறுநாள் கடையில் வேலை ஓடவில்லை. மகள் திங்கட்கிழமை எதைத் தூக்கிக்கொண்டு போவாள்? மற்ற பிள்ளைகளெல்லாம் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார, இவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாள். அந்த ரோஸ் குப்பையையே வாங்கித் தொலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து போட்டோ ஸ்டூடியோக்காரர் தன் மச்சானை இழுத்துக்கொண்டு வந்தார். லேப்டாப் எதுவும் கையில் இல்லை. பாட்டிலைக் காட்டத்தான் வந்திருக்கிறார்.

“பாத்தியா மச்சான், நான் சொன்னேன்ல! அண்ணே, அந்த நகக்கடி கதையைச் சொல்லுங்கண்ணே. நீங்க பண்ணினாத்தான் நல்லா இருக்கும்.”

“வேலை கிடக்குப்பா. அப்புறம் வா.”

“சரி, நானே பண்ணிக் காட்டறேன்,” என்று ஸ்டூடியோக்காரர் ஆரம்பித்தார். கண்ணை விரித்தார், சுண்டுவிரலை வாயோரம் கொடுத்தார், கடித்தார், துப்பினார். நிஜமாகவே துப்பினார். மேசை மேல், திறந்து கிடந்த ஒரு மதர்போர்டின் மேல் பொட்டுப் பொட்டாக எச்சில் தெறித்தது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரிப்பேர்க்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டூடியோக்காரர் நகக்கடியை வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் நடித்தது ரிப்பேர்க்காரரை. அந்த இளித்த வாய், அந்த நீட்டின கழுத்து, எப்போது சிரிப்பார்கள் என்று சுற்றிப் பார்க்கிற அந்தக் கண், எல்லாம் தன்னுடையது. சே, இவ்வளவு கேவலமாகவா இருக்கிறேன் என்று நினைத்தார். இத்தனை வருடத்தில் எந்த மெஷினுக்குள்ளும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அவர்கள் போனதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு வளாகத்தின் பின்பக்கக் குப்பைத் தொட்டிக்குப் போனார். அப்படியே வீசியிருக்கலாம். பாட்டில் நல்ல பாட்டில், எதற்காவது ஆகும் என்று கஞ்சப் புத்தி தடுத்தது. மூடி இறுகிப்போயிருந்தது. பல்லைக் கடித்துத் திருகியதும் சட்டென்று திறந்து, பாதி அவர் கையிலேயே கொட்டியது. இத்தனை நாள் இடுக்கியால் மட்டுமே தொட்டவை. ஈரம் பட்ட முடியும் தூசியும் உள்ளங்கையில் அப்பிக்கொண்டன. அதிலிருந்து ஒரு வாடை வந்தது, பழைய தலையணை வாடை. கடைக்கு வந்து ஸ்பிரிட்டால் கழுவினார், சோப்பால் கழுவினார், மறுபடி ஸ்பிரிட்டால் கழுவினார். மோந்து பார்த்தால் இருந்தது. ஒருவேளை இல்லையோ என்னவோ, மண்டைக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வெயில் தாழ வீட்டுக்கு வந்தார். மனைவி டீ கிளாஸ் ஒன்றை அவர் கையில் கொடுத்து மகள் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். கதவு பாதி திறந்திருந்தது. முதலில் தெரிந்தது மூடிதான். சூரியகாந்தி இல்லை. வட்டம் வட்டமாகவே, மறைக்காமல் இருந்தது. அதற்கு மேலே பாப்பாவின் முகம், திரையின் வெளிச்சத்தில்.

“எப்பலேர்ந்து?” என்று மெல்லக் கேட்டார்.

“மத்தியானம் நீங்க வீட்ல விட்டுட்டுப் போன பையைத் துழாவினா. என்னான்னு கேக்கலை,” என்றாள் மனைவி.

உள்ளே போனதும்தான் கையைப் பார்த்தார். அவர் கடையில் அசிங்கம் பிடித்த மெஷின்களைத் திறக்கும்போது மாட்டிக்கொள்கிற நீலக் கையுறை. மெல்லிசு ரப்பர். அவள் விரலுக்குப் பெரியது, நுனிகள் தொளதொளத்தன. அப்பா வாங்கிக் கொடுத்ததைத் தொட அப்பாவின் கையுறையைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஓங்கி ஒரு அறை விழுந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு உறைத்திருக்காது. அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தார். போகாமல் அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றார்.

அவர் வந்ததையே அவள் உணரவில்லை. திரையில் ஒரு நாற்காலி பாதி உருவாகியிருந்தது, மூன்று கால் வந்து நாலாவது வராமல். அவள் ஒரு கோட்டை இழுத்தாள், அழித்தாள், மறுபடி இழுத்தாள், மறுபடி அழித்தாள். கண் திரையை விட்டு அகலவில்லை. சுண்டுவிரல் வாயோரம் போயிற்று. நீல நுனியைப் பல் கவ்வியது, இழுத்தது, கிழித்தது. தலையைத் திருப்பாமலே தூவென்று துப்பினாள். நகம் அளவு நீலத் துணுக்கு ஒன்று புதுக் கீபோர்டில் விழுந்து இரண்டு விசைகளுக்கு நடுவே நழுவியது.

ரிப்பேர்க்காரரின் கை சட்டைப் பையிலிருந்த இடுக்கியைத் தொட்டு, தொட்ட இடத்திலேயே நின்றது. மற்றொரு கையில் டீ கிளாஸ் சுட்டது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பாப்பா நாலாவது காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிழிந்த ரப்பருக்கு வெளியே, நுனிவரை கடிபட்ட சுண்டுவிரல் எட்டிப் பார்த்தது. அடுத்த விரல் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.